எல் நினோ காலத்தில் கடலின் நன்னீர்க் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்படி

எல் நினோ என்றதும் எல்லோரும் முதலில் திறப்பது கடல் வெப்பநிலை வரைபடத்தைத்தான். நடுப் பசிபிக்கில் சிவப்பு (வழக்கத்தைவிடச் சூடு) படர்ந்திருந்தால் எல் நினோ, நீலம் (வழக்கத்தைவிடக் குளிர்ச்சி) படர்ந்திருந்தால் லா நினா, அத்தோடு மூடிவிடுகிறோம். பக்கத்திலேயே உப்பின் வரைபடத்தையும் வைத்துப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மழை எங்கே கொட்டியது, எங்கே நின்றுபோனது, கொட்டிய நீரை எந்த ஓட்டம் எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனது, இதெல்லாம் உப்பில் பதிந்திருக்கும். வெப்பம் மேலே இருக்கும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கும், உப்புக்கு அந்த வழி கிடையாது. நீர் ஆவியானால் உப்பு கடலிலேயே தங்கிவிடும், மழை பெய்தால் நீர்த்துப்போகும், மற்றபடி ஓட்டமும் கலப்பும்தான் அதை இடம் மாற்ற முடியும். அதனால் வெப்பமண்டலக் கடலில் ஒரு பருவநிலைச் சுழற்சி என்ன செய்துவிட்டுப் போனது என்று பார்க்க உப்பைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

தேவையான தரவுகள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்பரப்பு உப்புக்கு ஸ்மாஸ் செயற்கைக்கோள் (ஐரோப்பிய விண்வெளி முகமை, 2009 நவம்பர்), அக்வேரியஸ் (2011 முதல் 2015 வரை), ஸ்மாப் (நாசா, 2015 ஜனவரி) ஆகியவற்றின் மாதச் சராசரிகள் போதும். ஸ்மாப் போனது மண்ணின் ஈரத்தை அளக்கத்தான், ஆனால் அதே நுண்ணலைக் கருவி கடலின் உப்பையும் காட்டிக்கொடுக்கிறது. ஆழத்துக்கு ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் சுமார் 4,000 மிதவைகள் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்துகொண்டிருக்கின்றன. 10 நாளுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் 2,000 மீட்டர் வரை இறங்கி, அங்கிருந்து மேலேறும்போது வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கிவிடும். மழைக்கு ஜிபிசிபி என்ற உலக மழைத் தொகுப்பு, ஆவியாதலுக்கு ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ5 தொகுப்பு, கடல்மட்டத்துக்கு அல்டிமீட்டர் (செயற்கைக்கோளிலிருந்து கடலின் உயரத்தை அளக்கும் ரேடார்) தரவு. மேற்பரப்பு ஓட்ட வேகத்தின் மாத வரைபடமும் ஒன்று வேண்டும், அது இல்லாமல் கணக்கில் பாதி நிற்காது.

முதல் வேலை, எந்தக் காலத்தைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்வது. வழக்கமான அளவுகோல் நினோ 3.4 என்ற பெட்டி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கும் தெற்கும் 5 டிகிரி, மேற்குத் தீர்க்கரேகை 170 முதல் 120 வரை. அங்கே மேற்பரப்பு வெப்பத்தின் மூன்று மாதச் சராசரி வழக்கத்தைவிட 0.5 டிகிரி செல்சியஸ் கூடி, அது அடுத்தடுத்து ஐந்து முறை தொடர்ந்தால் எல் நினோ, அதே அளவு குறைந்து தொடர்ந்தால் லா நினா. பழகுவதற்கு 2010-11 லா நினாவையும் 2015-16 எல் நினோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வலுவானவை, இரண்டும் செயற்கைக்கோள் காலத்தில் வந்தவை. 1997-98 எல் நினோவும் மிகப் பெரியதுதான், ஆனால் அப்போது ஆர்கோவும் இல்லை, மேலிருந்து உப்பை அளக்கும் கருவியும் இல்லை.

அப்புறம் ஒவ்வொரு மாதத்துக்கும் பல ஆண்டுச் சராசரியைக் கண்டுபிடித்து, அந்தந்த மாதத்திலிருந்து கழித்துவிடுங்கள். இதைச் செய்யாமல் டிசம்பரையும் ஜூனையும் ஒப்பிட்டால் கண்ணில் படுவது எல் நினோவாக இருக்காது, வெறும் பருவமாற்றமாகத்தான் இருக்கும். வார வரைபடங்களையும் தவிர்த்துவிடுங்கள். மேடனும் ஜூலியனும் 1971-இல் கண்டுபிடித்த அலைவு ஒன்று 30 முதல் 60 நாளுக்கு ஒரு தடவை மழை மேகங்களைக் கிழக்கே ஓட்டிக்கொண்டு போகும், வாரக் கணக்கில் பார்த்தால் அந்த ஆட்டம்தான் எல்லாவற்றையும் மறைத்து நிற்கும்.

ஒரு மீட்டர் மழை உப்பை எவ்வளவு குறைக்கும்?

வரைபடத்துக்குப் போகும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பிறகு எண்களைப் பார்த்தவுடனேயே நம்பலாமா வேண்டாமா என்று சொல்ல வரும்.

திறந்த கடலில் ஒரு கிலோ நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு. காற்றும் அலையும் கலக்கி வைத்திருக்கும் மேல் அடுக்கு, அதைத்தான் கலப்பு அடுக்கு என்கிறோம், 50 மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஆவியானது போக மீதியாக 1 மீட்டர் மழைநீர் அதில் சேர்ந்தால், 50 மீட்டரில் இருந்த உப்பு இனி 51 மீட்டரில் பரவ வேண்டும். 35-ஐ 50-ஆல் பெருக்கி 51-ஆல் வகுத்தால் 34.3. அதாவது 0.7 குறைவு. அதே கணக்கை 10 மீட்டர் தடிமனுள்ள அடுக்குக்குப் போட்டால் 31.8 வரும், 3-க்கும் மேல் இறங்கிவிட்டது. மழை ஒன்றுதான், அடுக்கின் தடிமன்தான் வேறு.

கலப்பு அடுக்கின் தடிமன் தெரியாமல் மழையை மட்டும் வைத்து உப்பை விளக்க முடியாது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். சரி, வெப்பமண்டலத்தில் அந்த 0.7 பெரிய விஷயமா? 28 டிகிரி நீரில் உப்பு 1 கூடினால் ஒரு கன மீட்டரின் எடை சுமார் முக்கால் கிலோ கூடும், வெப்பம் 1 டிகிரி ஏறினால் சுமார் மூன்றில் ஒரு கிலோ குறையும். ஆக உப்பில் 1 என்பது வெப்பத்தில் 2 டிகிரிக்கும் மேலான மாற்றத்துக்குச் சமம். கடல்நீரின் ஓட்டத்தை அடர்த்தி வேறுபாடும் தள்ளுகிறது என்பதால், 0.7 மாற்றத்தைச் சின்ன எண் என்று ஒதுக்கிவிட முடியாது.

மழையையும் உப்பையும் நேரடியாக ஒப்பிட வேண்டாம்

இங்கேதான் நான் ஆரம்பத்தில் பல நாள் தவறு செய்தேன். மழை அதிகமான இடத்தையும் உப்பு குறைந்த இடத்தையும் ஒரே மாதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சில இடங்களில் பொருந்தியது, பல இடங்களில் நகர்ந்து நின்றது. தரவு சரியில்லை என்று நினைத்தேன், தரவு சரியாகத்தான் இருந்தது. மழை என்பது வரவு, உப்பு என்பது இருப்பு. வரவை இருப்போடு ஒப்பிடக் கூடாது, இருப்பு எந்த வேகத்தில் மாறியது என்பதோடுதான் ஒப்பிட வேண்டும். அதனால் இந்த மாத உப்பிலிருந்து போன மாத உப்பைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மழை கழித்தல் ஆவியாதல் என்ற எண்ணுக்கு எதிரே வையுங்கள். மழை உச்சத்தைத் தொட்டு ஒன்றிரண்டு மாதம் ஆன பிறகும் உப்பு இறங்கிக்கொண்டே இருப்பது அப்போது புதிராகத் தெரியாது.

அப்படிச் செய்தும் மிச்சம் இருக்கும், அதுவும் நிலநடுக்கோட்டை ஒட்டி நிறையவே இருக்கும். அந்த மிச்சத்தில் பெரும் பகுதி ஓட்டம் தூக்கிக்கொண்டு வந்த நீர்.

மேற்குப் பசிபிக்கைப் பாருங்கள். அங்கே 28 டிகிரிக்கும் மேல் சூடான நீர் ஒரு பெரிய குளம்போலத் தேங்கி நிற்கிறது. ஆண்டுக்கு 2 மீட்டருக்கு மேல் மழை பெய்யும், ஆவியாதல் அதைவிடக் குறைவு, அதனால் அந்த நீர் உப்புக் குறைந்த, இலேசான நீர். வழக்கமான ஆண்டுகளில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் இந்தக் குளம் மேற்கிலேயே ஒதுங்கிக் கிடக்கும், அங்கே கடல்மட்டமே கிழக்கைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். குளத்தின் கிழக்கு விளிம்பில் வெப்பம் மெல்ல மெல்லத்தான் மாறும், உப்போ சட்டென்று மாறும். விளிம்பு எங்கே என்று தேட வெப்ப வரைபடத்தில் 28 டிகிரி கோட்டைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம், உப்பு 34.8-ஐத் தாண்டும் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் அந்தக் கோடு நிலநடுக்கோட்டில் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே போனால், எல் நினோவின் நடை கண்ணெதிரே தெரியும். வியாபாரக் காற்று தளர்ந்ததும் கோடு கிழக்கே கிளம்பி, சர்வதேச தேதிக் கோட்டைத் தாண்டி, பெரிய எல் நினோக்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடுகிறது. லா நினாவில் மேற்கே பின்வாங்கும். மழை மேகங்களும் குளத்தோடு சேர்ந்தே நகர்வதால், ஓட்டம் கொண்டுவந்த நன்னீரும் மேலிருந்து விழுந்த நன்னீரும் ஒரே இடத்தில் சேர்கின்றன. இரண்டையும் பிரிக்க, ஓட்டத்தின் வேகத்தை உப்பின் சரிவோடு, அதாவது தூரத்தோடு உப்பு எவ்வளவு மாறுகிறது என்பதோடு, பெருக்கிப் பாருங்கள். விளிம்புக்கு அருகே ஓட்டத்தின் பங்குதான் ஓங்கி நிற்கும், குளத்தின் நடுவில் மழையின் பங்கு.

கீழே என்ன நடக்கிறது என்று பார்ப்பது

மேற்பரப்போடு நிறுத்திவிட்டால் உப்பு வெறும் சாட்சியாகவே இருந்துவிடும். ஆர்கோவின் செங்குத்துத் தரவைத் திறந்தால்தான் அது கடலின் ஓட்டத்தையே மாற்றுவது தெரியும்.

குளத்துக்குள் இருக்கும் ஒரு மிதவையின் தரவை எடுத்து, வெப்பத்தையும் உப்பையும் ஆழத்துக்கு எதிரே ஒரே தாளில் வரையுங்கள். வெப்பம் 60, 80 மீட்டர் வரை ஒரே மாதிரி இருக்கும், அங்கிருந்துதான் குளிர ஆரம்பிக்கும். உப்போ 30 மீட்டரிலேயே ஏறத் தொடங்கியிருக்கும். நடுவில் இருக்கும் அந்த அடுக்குக்கு, மேலே உள்ள நீரைப் போலவே சூடு, ஆனால் உப்பு கூடுதல். இதைத் தடுப்பு அடுக்கு என்கிறார்கள், மேற்குப் பசிபிக்கில் லூகாஸும் லிண்ட்ஸ்ட்ரோமும் 1991-இல் விளக்கியது. காற்று அடித்துக் கலக்கினாலும் கீழிருந்து வருவது சூடான நீர்தான், குளிர்ந்த நீர் மேலே வர முடியாது. மேலே விழும் வெயிலின் சூடு மேலேயே அடைந்துகிடக்கும். இன்னொன்றும் நடக்கிறது. வியாபாரக் காற்று தளர்ந்து மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது அது தரும் தள்ளுதல் 80 மீட்டருக்குப் பரவாமல் 30 மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் அந்த மெல்லிய அடுக்கு வேகமாகக் கிழக்கே ஓடும். நன்னீர் ஓட்டத்தை வேகப்படுத்துகிறது, ஓட்டம் இன்னும் நன்னீரைக் கிழக்கே கொண்டுபோகிறது. எல் நினோ தொடங்குவதற்கு முன் மேற்கில் இந்த அடுக்கு தடித்திருப்பது அது வளர உதவுகிறது என்று கணினி மாதிரிகளில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

தடிமனை நீங்களே கணக்கிடலாம். 10 மீட்டர் ஆழத்து வெப்பத்திலிருந்து 0.2 டிகிரி குறையும் ஆழம் ஒன்று. அதே 0.2 டிகிரி குளிர்ச்சி தரக்கூடிய அடர்த்தி மாற்றம், உப்பையும் சேர்த்துப் பார்க்கும்போது எந்த ஆழத்தில் வருகிறதோ அது இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் தடுப்பு அடுக்கு.

ஆர்கோ தரவில் ஒரு எச்சரிக்கை. உடனடித் தரவை அப்படியே எடுக்காதீர்கள், சில உப்பு உணரிகள் நாளடைவில் நிஜத்தைவிட அதிக உப்பைக் காட்டத் தொடங்குகின்றன. நிபுணர்கள் பின்னர் சரிபார்த்து வெளியிடும் தாமதப் பதிப்பு இருந்தால் அதையே எடுங்கள், தரக்குறி 1 (நல்ல அளவு என்று பொருள்) உள்ள அளவுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளையும் மிதவையையும் ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். செயற்கைக்கோள் பார்ப்பது மேல் ஒரு சென்டிமீட்டரை, மிதவைகளில் பெரும்பாலானவை 5 மீட்டருக்கு மேலே அளப்பதில்லை. பெருமழை பெய்து காற்றும் இல்லாத நேரத்தில் நன்னீர் ஒரு மெல்லிய தகடுபோல மேலே மிதக்கும், அப்போது இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டுமே சரியாகத்தான் சொல்கின்றன.

நீரிணைகளைக் கடந்து

பசிபிக்கின் கணக்கு பசிபிக்கோடு முடிவதில்லை. இந்தோனேசியத் தீவுகளின் நடுவே புகுந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் ஓட்டம் ஒன்று உண்டு, நொடிக்கு சராசரியாக சுமார் 1.5 கோடி கன மீட்டர். அமேசான் நொடிக்கு சுமார் 2 லட்சம் கன மீட்டர் கொண்டுவருகிறது, அப்படியானால் இது எழுபத்தைந்து அமேசான். இதில் பெரும் பகுதி போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே உள்ள மகாசர் நீரிணை வழியாகப் போகிறது. மேற்கில் கடல்மட்டம் உயர்ந்திருப்பதுதான் இந்த ஓட்டத்தைத் தள்ளுவது என்பதால், எல் நினோவில் அந்த உயரம் இறங்கும்போது ஓட்டமும் தளர்கிறது, லா நினாவில் வலுக்கிறது.

மகாசரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வடமேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஜனவரி, பிப்ரவரி வாக்கில், ஜாவா கடலின் உப்புக் குறைந்த நீர் நீரிணையின் தெற்கு வாயிலில் வந்து ஒதுங்குகிறது. இலேசான நீர் என்பதால் அங்கே மேற்பரப்பு சற்று உயர்ந்து, வடக்கிலிருந்து தெற்கே வரும் சூடான மேல்நீருக்கு எதிர்ச் சரிவாகிவிடுகிறது, ஒரு பாட்டிலின் வாயில் தக்கை வைத்தது போல. மேலே அடைபட்டதும் ஓட்டம் கீழே, குளிர்ந்த ஆழத்தில்தான் வேகமாகப் போகிறது. இந்தியப் பெருங்கடலுக்குப் போய்ச்சேரும் நீர் இதனால் குளிர்ந்ததாகிறது. எங்கோ பெய்த மழை இன்னொரு பெருங்கடலுக்குப் போகும் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் இல்லை என்றே நினைக்கிறேன்.

2010-11-ஐப் பார்த்தால், வலுவான லா நினா மழை தீவுகளைச் சுற்றிய கடலை நீர்த்துப்போகச் செய்தது. அந்த நீர் ஆஸ்திரேலியாவின் வடமேற்கே இறங்கி, அங்கே கடல்மட்டத்தை உயர்த்தி, மேற்குக் கரையோரமாகத் தெற்கே ஓடும் லூவின் ஓட்டத்தை வலுப்படுத்தியதில் பங்கு வகித்தது. 2011 தொடக்கத்தில் அந்தக் கரையில் வந்த கடல் வெப்ப அலைக்கும் இந்த ஓட்டம் ஒரு காரணம்.

இந்தியப் பெருங்கடலுக்கு அதற்கே உரிய சுழற்சியும் உண்டு, 1999-இல் பெயர் சூட்டப்பட்ட இருமுனை. மேற்கு சூடாகி சுமத்ரா அருகே குளிர்ந்தால் நேர்முறை, தலைகீழானால் எதிர்முறை. நேர்முறையில் நிலநடுக்கோட்டில் கிழக்கிலிருந்து காற்று வீசுவதால், வழக்கமாகப் பருவங்களுக்கு இடையில் கிழக்கே பாயும் விர்ட்கி ஓட்டம் மெலிகிறது. அந்த ஓட்டம்தான் மேற்கின் உப்பு நீரைக் கிழக்கே கொண்டுபோவது, அது மெலிந்தால் நடுப்பகுதியில் உப்பு குறையும், சுமத்ரா அருகே மழை குறைந்து ஆழத்து நீரும் மேலே வருவதால் உப்பு கூடும். 2019 நல்ல எடுத்துக்காட்டு. வங்காள விரிகுடாவிலும் இது தெரியும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் பருவமழைக்குப் பிறகு இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஒரு நீண்ட நாக்குபோலத் தெற்கே இறங்கும். நேர்முறை ஆண்டில் கரையோர ஓட்டம் மெலிவதால் நாக்கு வடக்கிலேயே சுருங்கிவிடும், எதிர்முறையில் நன்றாகக் கீழே வரை நீளும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் வரைபடங்களை ஆண்டுவாரியாக வைத்துப் பார்த்தால் போதும். கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் செயற்கைக்கோள் எண்களை மட்டும் எச்சரிக்கையாக எடுங்கள், நிலத்தின் நுண்ணலை அதில் கலந்துவிடும்.

அட்லாண்டிக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அமெரிக்காவின் மேலாக வியாபாரக் காற்று நீராவியைப் பசிபிக்குக்குக் கடத்துவதும் அட்லாண்டிக் அதிக உப்பாக இருப்பதற்கு ஒரு காரணம். எல் நினோவில் அமேசான் படுகையில் மழை குறைகிறது, ஆற்றின் வரத்து குறைகிறது, அட்லாண்டிக்கிலிருந்து வெளியேறும் நன்னீர் கூடுகிறது. இந்த உப்பு வடக்கே போய் அட்லாண்டிக்கின் ஆழச் சுழற்சியை (மேல்நீர் வடக்கே போய்க் குளிர்ந்து மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் ஓட்டம்) தொடுமா என்று கேட்பார்கள். அந்தச் சுழற்சி நொடிக்கு சுமார் 1.7 கோடி கன மீட்டர், 26.5 டிகிரி வடக்கில் 2004 முதல் தொடர்ந்து அளக்கிறார்கள். ஒரே ஒரு எல் நினோ அதை அசைத்துவிட்டது என்று எழுதாதீர்கள். வெப்பமண்டலத்து உப்பு அங்கே போய்ச்சேரவே ஆண்டுக்கணக்கில் ஆகும், பல சுழற்சிகளின் கூட்டு விளைவாகத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

கடைசிச் சரிபார்ப்பு

எல்லாம் முடிந்ததும் உலகக் கடல்மட்டத்தோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள். லா நினாவில் மழை கடலைவிட நிலத்தில் அதிகம் விழும், எல் நினோவில் தலைகீழ். 2010-11-இல் உலகச் சராசரிக் கடல்மட்டம் சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியது. கடலின் பரப்பு சுமார் 36 கோடி சதுர கிலோமீட்டர், பெருக்கினால் ஏறத்தாழ 1,800 கன கிலோமீட்டர் நீர். அது எங்கே போனது? நிலத்தின் ஈர்ப்பு மாற்றத்தை அளந்த கிரேஸ் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்துச் சொல்லின. ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவின் வடக்கிலும் நிலத்தில் தங்கியிருந்தது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் விழும் நீருக்குக் கடலுக்குப் போக ஆறு கிடையாது, ஆவியாகித்தான் திரும்ப வேண்டும், அதனால்தான் கடல்மட்டம் மீள அவ்வளவு நாள் எடுத்தது. உங்கள் கணக்கில் கடலிலிருந்து குறைந்த நன்னீர் இப்படி நிலத்தில் தென்படுகிறதா என்று பாருங்கள்.

கடைசியில் ஒவ்வொரு இடத்திலும் மழை, ஆவியாதல், ஆறு, ஓட்டம், கீழிருந்து கலப்பு எல்லாம் சேர்த்தும் ஏதோ ஒரு மிச்சம் நிற்கும். அது 0.2-க்குள் இருந்தால் விட்டுவிடலாம், மாதச் சராசரியில் செயற்கைக்கோளின் துல்லியமே அவ்வளவுதான். அதைத் தாண்டினால் முதலில் கலப்பு அடுக்கின் தடிமனை மறுபடி பாருங்கள், அது சரியாக இருந்தால் ஓட்டத்தின் வேகத்தை. என் அனுபவத்தில் பத்தில் எட்டு முறை பிழை தடிமனில்தான் இருந்தது.